குரல் கேட்டுப் போட்ட சீட்டு

சனிக்கிழமை, மதியம்

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி சலாம் சொல்லி எழுதுவது.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. கோபத்தில் எழுதினால் என் கையெழுத்து கோணிக்கொள்ளும், நீங்களும் அதைக் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று நான்கு நாள் ஆறப்போட்டேன். ஆறவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. இவருக்குக் கழுத்துக் காயம் நன்றாகக் கூடிவிட்டது. மூச்சு விடுகிற அந்தத் துளையைச் சுற்றியிருந்த சிவப்பு போய்விட்டது. துளையின் மேல் கட்டிக்கொள்ளும் துணியை நானே தைக்கிறேன். பனியன் துணியில் இரண்டு மடிப்பு, உள்ளே மெல்லிய வலை. ஆஸ்பத்திரியில் கொடுப்பதைவிட இது நன்றாக இருக்கிறது என்று நர்ஸம்மாவே இரண்டு கேட்டு வாங்கிக்கொண்டார். இருபது வருஷமாகப் பணிமனையில் பஸ் சீட் தைத்துக் காய்ப்பேறிய கை, கழுத்துக்கும் தைக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது. சாப்பாடு சிரமமில்லாமல் இறங்குகிறது. போன மாதத்தைவிட இரண்டு கிலோ கூடியிருக்கிறார். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதீர்கள் என்று டாக்டர் சொன்னதைக் கேட்கிறீர்களா, இல்லை வழக்கம்போல அவருக்கே வைத்தியம் சொல்லிவிட்டு வந்தீர்களா?

இனி விஷயத்துக்கு வருகிறேன். "வீட்டைக் காலி செய்துவிட்டு இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள். மாடி அறை சும்மாதான் கிடக்கிறது. தம்பி யார் கண்ணிலும் படாமல் நிம்மதியாக இருக்கட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாசத்தில் எழுதியதுதான், தெரியும். தாயில்லாத பிள்ளையைத் தூக்கி வளர்த்த கை அது. ஆனால் "யார் கண்ணிலும் படாமல்" என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன் அண்ணி. அதற்குமேல் படிக்கவே சிறிது நேரம் ஆனது. உங்கள் தம்பி என்ன தப்பு செய்தார், யார் கண்ணிலும் படாமல் இருப்பதற்கு? குரல்வளையில் கட்டி வந்தது, அறுத்து எடுத்தார்கள். உயிர் மிஞ்சியது. இதில் ஒளித்துவைக்க என்ன இருக்கிறது?

அடுத்து அந்த மெஷின். அதை வைத்துக்கொண்டு பேச வேண்டாம், கேட்கவே சகிக்கவில்லையாம் என்று எழுதியிருக்கிறீர்கள். யார் உங்களிடம் சொன்னார்கள் என்று தெரியவில்லை. யாராக இருந்தாலும் அவர்கள் காதை வீட்டிலேயே கழற்றிவைத்துவிட்டு வரட்டும்.

அது என்ன பொருள் என்று உங்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கைக்குள் அடங்குகிற டார்ச் லைட் மாதிரி இருக்கும். அதன் நுனியைத் தாடைக்குக் கீழே அழுத்திப் பொத்தானைத் தொட்டால் வண்டு குடைகிற மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை வாயும் நாக்கும் சேர்ந்து சொல்லாக ஆக்க வேண்டும். ஏற்ற இறக்கம் கிடையாது. கோபமும் கொஞ்சலும் ஒரே மாதிரிதான் வரும். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், "பொறுமையா செய்யுங்க, ரெண்டு மாசம் ஆகும்" என்று சொல்லி அனுப்பினாள். இவர் வீட்டுக்கு வந்து அதை அலமாரிக்குள் வைத்துவிட்டார். தொடவே இல்லை என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால் தினமும் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அரை மணி நேரம். இப்படியா தண்ணீரை வீணாக்குவது என்று நான் வெளியே நின்று கத்திக்கொண்டிருந்தேன். உள்ளே அவர் பேசக் கற்றுக்கொண்டிருந்திருக்கிறார்.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது சட்டைப் பையிலிருந்து மெஷினை எடுத்துக் கழுத்தில் வைத்து என்னிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "உப்பு." எட்டு மாதம் கழித்துப் புருஷன் வாயைத் திறக்கிறார், என் பெயர் வரும் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். நானும் நினைத்தேன். உப்பு அதிகமாம். நான் அழுதுகொண்டே சிரித்தேன். அவரும் சிரித்தார். இப்போதெல்லாம் அவர் சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும்.

வேலை விஷயம். பஸ் நிலையத்தில் இவரை அறிவிப்பு அறையிலிருந்து எடுத்துவிட்டு, தொலைந்த பொருட்கள் அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று முன்பே எழுதினேன். அறிவிப்புக்குப் பதிவு செய்த பெண் குரல் ஒன்றைப் போட்டுவிட்டார்கள். எல்லா ஊரையும் ஒரே மாதிரி இனிக்க இனிக்கச் சொல்கிறது. பஸ் வேறு நடைமேடைக்கு மாறினால் மட்டும் அதற்குத் தெரியாது. சனங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அங்குமிங்கும் ஓடுகிறார்கள். இவர் குடைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். யாரோ விட்டுப்போன பல் செட் ஒன்று இரண்டு மாதமாக மேசை மேல் இருக்கிறதாம். "இங்கே பேசத் தயாராக இருப்பது அது மட்டும்தான்" என்று சிலேட்டில் எழுதிக் காட்டினார். உங்கள் தம்பியின் நக்கலை டாக்டர்களால் அறுத்து எடுக்க முடியவில்லை.

தர்காவுக்கு வியாழக்கிழமை தவறாமல் போகிறோம். உங்கள் நேர்ச்சையையும் மறக்கவில்லை. தம்பிக்குக் குரல் வந்தால் நானே வந்து உங்கள் அடக்கத்தலத்துக்குப் பச்சைப் போர்வை போர்த்துகிறேன் என்று அவுலியாவிடம் சொல்லிவிட்டுப் போனீர்கள். நானும் அதையேதான் கேட்கிறேன். டாக்டர் அவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் கேட்கிறேன். வராது என்று தெரிந்ததைக் கேட்கத்தானே அங்கே போவது, வருவதைக் கேட்கக் கடைக்குப் போனால் போதாதா? சன்னலில் நூல் கட்டுகிறேன். வேண்டுதல் சீட்டு எழுதிக் கூடையில் போடுகிறேன். "என் கணவருக்குக் குரல் திரும்ப வேண்டும்." பெயர் எழுதுவதில்லை. முப்பத்தோரு சீட்டு போட்டாயிற்று.

நீங்கள் வந்திருந்தபோது பார்த்தீர்களே, தொழுகை முடிந்ததும் முற்றத்தில் எல்லோரும் உட்கார்ந்த பிறகு அந்தக் கூடையிலுள்ள சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து உரக்க வாசிப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் கூட்டம் முழுக்க ஆமீன் சொல்லும். இருபத்திரண்டு வருஷம் அதை வாசித்தவர் இவர். அந்தக் குரலில் நம் வேண்டுதலைக் கேட்டாலே பாதி நிறைவேறிய மாதிரி இருக்கும் என்று சொல்வார்கள். இப்போது கமிட்டிச் செயலாளரின் மருமகன் வாசிக்கிறார். ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரி வாசிப்பு.

இவரும் சன்னல் பக்கம் நின்று கண்ணை மூடி ஏதோ கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நாம் இரண்டு பேரும் ஒன்றைத்தானே கேட்கிறோம், சேர்ந்து கேட்டால் என்ன என்று ஒருநாள் சொன்னேன். இல்லை என்று தலையாட்டினார். பிறகு என்னதான் கேட்கிறீர்கள் என்று விடாமல் நச்சரித்தேன். வீடு வந்து சேர்ந்ததும் சிலேட்டை எடுத்து எழுதினார். "நீ எனக்குப் பதிலாகப் பேசுவது நிற்க வேண்டும்."

அண்ணி, உங்களிடம் மறைக்க மாட்டேன், எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. எட்டு மாதம் இந்த மனுஷனுக்கு வாயாக இருந்திருக்கிறேன். டாக்டரிடம், மேலாளரிடம், பால்காரரிடம், எல்லோரிடமும். அதற்கு அவுலியாவிடம் போய் என் மேலேயே புகார்! சரி, இனி பேசவில்லை என்று வாயை மூடிக்கொண்டேன். எங்கள் வீட்டில் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், நானும் மூடிக்கொண்டால் வீடு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மூன்று நாள். சுவர்க் கடிகாரம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் மாலை நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இவர் எதிரில் வந்து உட்கார்ந்தார். மெஷினைக் கழுத்தில் வைத்தார். "டாக்டர் வலி இருக்கான்னு கேட்டார். நீ இல்லன்னு சொன்ன. எனக்கு வலி இருந்துச்சு." இதைச் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனது. நடுவில் இரண்டு முறை மெஷின் நழுவியது. நான் பாதியிலேயே புரிந்துகொண்டுவிட்டேன், மீதியை நானே சொல்லி முடித்திருப்பேன். சொல்லவில்லை. அவர் முடிக்கிறவரை காத்திருந்தேன். கல்யாணமான நாள் முதல் நான் செய்த கஷ்டமான வேலை அதுதான்.

அதனால் அண்ணி, நாங்கள் வரமாட்டோம். மாடி அறைக்கு நன்றி. அதில் நெல் மூட்டையோ பழைய கட்டிலோ எதை வேண்டுமானாலும் போட்டுவையுங்கள், உங்கள் தம்பியைப் போட்டுவைக்க வேண்டாம். இதை நான் அவருக்குப் பதிலாகப் பேசுவதாக நினைக்காதீர்கள். எனக்காகப் பேசுகிறேன். அவர் சொல்ல வேண்டியதை அவர் சொல்வார்.

முழங்காலுக்கு எண்ணெய் போட்டுத் தேயுங்கள். பிள்ளைகளுக்கு என் அன்பு. என் பேச்சில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், என் முடிவில் குறை இல்லை.

உங்கள் தம்பி மனைவி


ஞாயிற்றுக்கிழமை, காலை

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

சலாம். என் போன கடிதத்துக்கு உங்களிடமிருந்து பதில் இல்லை. கோபமாக இருப்பீர்கள். இருங்கள், நியாயம்தான். ஆனால் நடந்த ஒன்றை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேறு யார் வாய் வழியாகவாவது மாற்றித் திரித்து உங்கள் காதுக்கு வருவதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

இது நடந்தது இந்த வியாழனுக்கு முந்தின வியாழக்கிழமை. முற்றம் நிரம்பிய கூட்டம். பெண்கள் பக்கத்தில் தூணோரம் எனக்கு இடம் கிடைத்தது. இவர் ஆண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில். ஊதுபத்திப் புகை துளைக்குள் போனால் இருமல் வரும் என்பதால் துணியை நனைத்துக் கட்டி அனுப்பியிருந்தேன். மூக்கு வழியாக மூச்சு போவதில்லை, அதனால் அவருக்கு வாசனையே தெரியாது. புகை மட்டும் தெரியும்.

செயலாளரின் மருமகன் கூடையை எடுத்து வைத்தார். ஐந்தாறு சீட்டு வாசித்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். மீதிச் சீட்டுகளைக் கையால் அமுக்கிக்கொண்டு, "மற்றும் பலருக்காகவும் இறைவன் அருள் புரிவானாக" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். கூட்டமும் ஆமீன் சொல்லிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தது.

அப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும். அந்தப் பக்கம் அவள் கணவரும் எழுந்தார். லாரி ஓட்டுகிறவராம், ஒரு கண்ணில் கட்டு, மறுநாள் காலை மறு கண்ணுக்கும் ஆபரேஷன். கூடைக்குச் சீட்டு எழுதும்போது என்னிடம்தான் பேனா வாங்கினாள். "எங்க சீட்டு வரலையே" என்றாள், சாதாரணமாகத்தான். செயலாளர் நகர்ந்து வந்து, "எல்லாருக்கும் சேத்து சொல்லியாச்சும்மா. யாருக்கு என்ன வேணும்னு அல்லாவுக்குத் தெரியும்" என்றார். அவள் விடவில்லை. "அவனுக்குத் தெரியும்னா நான் ஏங்க ரெண்டு பஸ் மாறி வந்தேன்? எங்க சீட்டைப் படிக்கிறத இவரு கேக்கணும். இத்தனை பேரு ஆமீன் சொல்றதக் கேக்கணும். நாளைக்குக் கத்தி வைக்கிறாங்க" என்றாள்.

செயலாளர் சிரித்துக்கொண்டே, அடுத்த வாரம் வாங்க என்றார்.

உங்கள் தம்பி எழுந்தார். நேராக முன்னால் போய்க் கூடையைக் கையில் எடுத்துக்கொண்டார். மருமகன் என்ன ஏது என்று புரியாமல் விட்டுவிட்டார். இவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மெஷினைத் தாடைக்குக் கீழே வைத்து, "எல்லாம் படிப்பேன்" என்றார்.

அந்த இடத்தில் அந்தச் சத்தத்தை அதுவரை யாரும் கேட்டதில்லை அண்ணி. சுவரில் பட்டு எதிரொலித்தது. பின்னால் இளவட்டங்கள் குபீரென்று சிரித்தார்கள். பெண்கள் பக்கத்திலும் முந்தானைக்குள் சிரிப்பு. செயலாளர் முகம் சிவந்துவிட்டது. "பாய், உக்காருங்க. இது துஆ கேக்குற இடம். பொம்மை சத்தம் போடுற இடம் இல்ல" என்றார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

கூட்டம் முழுவதும் என்னைப் பார்த்தது. அண்ணி, என் நாக்கு நுனியில் ஒன்பது வார்த்தை வரிசையில் நின்றது. அதில் ஒன்றுகூட தர்காவுக்குள் சொல்லத் தகுந்தது இல்லை. இருபத்திரண்டு வருஷம் உங்கள் கூட்டத்துக்குத் தொண்டை கிழிய வாசித்த மனுஷன் என்று ஆரம்பித்தால் அவர்கள் தாத்தா வரை போயிருப்பேன். இவரும் என்னைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். பல்லைக் கடித்த கடியில் தாடை வலித்தது. மூடிக்கொண்டு, இருந்த இடத்திலேயே இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். நான் எங்கேயும் போகப்போவதில்லை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

செயலாளருக்கு இவரே பதில் சொன்னார். "இருபத்திரெண்டு வருஷம். ஒரு சீட்டும் விட்டதில்ல." அவ்வளவுதான். சொல்லிவிட்டு முதல் சீட்டைப் பிரித்தார். அந்த லாரி ஓட்டுநரின் சீட்டையே தேடி எடுத்திருந்தார். "என் கணவருக்கு நாளை கண் ஆபரேஷன். அவர் பார்க்க வேண்டும். என்னை, பிள்ளைகளை, ரோட்டை." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். ஆமீன் என்று அவள் ஒருத்தி மட்டும் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து அவள் கணவர் சொன்னார். பிறகு நான்.

இரண்டாவது சீட்டுக்கு ஐந்தாறு பேர். சிரிப்பு இன்னும் இருந்தது. நான்காவதோ ஐந்தாவதோ ஒரு தாயின் சீட்டு, வீட்டை விட்டுப் போன மகள் எங்கேயாவது சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று. அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு சிரிப்பே இல்லை. அந்தக் குரலில் அழுகையும் இல்லை, அலங்காரமும் இல்லை, எழுதியது எழுதியபடி வந்து விழுந்தது. 'ஹ' என்ற எழுத்து மட்டும் அவருக்கு வராது, அதற்குத் தொண்டையிலிருந்து மூச்சு வேண்டுமாம். அதனால் அல்லாஹ் என்று சொல்லும்போது கடைசி எழுத்து விழுந்துவிடும். விழுந்தால் என்ன, கூப்பிட்டது யாரை என்று அவனுக்குத் தெரியாதா?

பாதிக் கூடை காலியாகியிருக்கும். ஒரு சீட்டைப் பிரித்தார், பார்த்தார், அசையாமல் உட்கார்ந்துவிட்டார். அது என் சீட்டு. பணிமனையில் ரெக்சின் அளவு குறிக்கிற மஞ்சள் காகிதத்தில்தான் நான் எழுதுவது, தூரத்திலிருந்தே தெரிந்தது. நான் இத்தனை மாதமாகக் கேட்பது என்ன என்று இவருக்கு நான் சொல்லித் தெரியும், எழுத்தில் பார்த்ததில்லை.

வாசித்தார். "என் கணவருக்குக் குரல் திரும்ப வேண்டும்."

யாருக்கும் ஆமீன் சொல்ல வாய் வரவில்லை. எழுதியது யார் என்று தெரிந்தவர்கள் என் பக்கம் திரும்பக்கூடத் தயங்கினார்கள். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். இவர் சீட்டை நிதானமாக மடித்தார். மெஷினைச் சரியாக வைத்துக்கொண்டார். பஸ் நிலையத்தில் சொல்வாரே, அதே தோரணையில் சொன்னார்.

"இது வந்தாச்சு. அடுத்தது."

அண்ணி, அப்போது எழுந்த ஆமீனை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். மாடப் புறாக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பறந்தன. நான் அழுதேனா என்று கேட்காதீர்கள், பக்கத்திலிருந்தவள் முந்தானையும் சேர்ந்து நனைந்தது.

கூடையில் இருந்த கடைசிச் சீட்டு வரை வாசித்துவிட்டுத்தான் எழுந்தார். முடிக்கும்போது மெஷினில் சார்ஜ் தீர்ந்துகொண்டிருந்தது, கடைசி இரண்டு சீட்டுக்கு வாயசைவு மட்டும்தான். கூட்டம் வாயைப் பார்த்து ஆமீன் சொன்னது.

கதை அத்துடன் இனிப்பாக முடிந்துவிடவில்லை. மறுநாளே கமிட்டி கூடியது. இயந்திரக் கருவி எதையும் பயன்படுத்தக் கூடாது என்று நுழைவாசலில் ஒரு அட்டை தொங்கியது. அதை மைக்கில் வேறு அறிவித்தார்கள். மைக் என்ன மண்பானையா என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது, இவர்தான் கையைப் பிடித்து அழுத்தினார். இந்த வியாழக்கிழமை போனால் கூடையை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். சனங்கள் அலமாரியைப் பார்த்தார்கள், இவரைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து சீட்டை இவர் கையிலேயே கொடுத்தார்கள். மடி நிறைந்துவிட்டது. உள்ளே வேண்டாம் என்றால் சரி என்று வெளியே தெருவில், செருப்பு விடுகிற படிக்கட்டில் உட்கார்ந்து வாசித்தார். முற்றத்தில் இருந்த கூட்டத்தில் பாதிக்கு மேல் தெருவுக்கு வந்துவிட்டது. செயலாளர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் மனைவி, சொந்த மனைவி, உள்ளேயிருந்து வந்து ஒரு சீட்டை நீட்டிவிட்டுப் போனாள். என்ன எழுதியிருந்தது என்று இவர் வாசித்தபோது கேட்டேன், உங்களுக்கு எழுத மாட்டேன். எல்லோருக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது அண்ணி.

அந்த லாரி ஓட்டுநருக்கு ஆபரேஷன் முடிந்தது, கட்டு இன்னும் பிரிக்கவில்லை. அவள் எனக்குப் போன் செய்தாள். பிரிக்கிறபோது சொல்கிறேன் என்றாள். எப்படி ஆகும் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் ஆபரேஷனுக்குப் போகும்போது அவர் அந்த ஆமீனைக் கேட்டுவிட்டுப் போனார்.

பஸ் நிலைய மேலாளருக்கு இவரே ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறார். நடைமேடை மாறுகிறபோது மட்டுமாவது அறிவிக்க அனுமதி வேண்டும் என்று. "பயணிகள் பயந்துடுவாங்க சார்" என்றாராம் மேலாளர். "பஸ்ஸ விட்டா இன்னும் பயப்படுவாங்க" என்று இவர் சொன்னாராம். நான் கூட இல்லை, அவர் வந்து சொன்னதுதான். பதில் வரவில்லை. வராவிட்டால் மறுபடி எழுதுவார். நான் பேனா வாங்கிக் கொடுப்பேன், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

கடைசியாக ஒன்று. குரல் வந்தால் போர்வை போர்த்துவதாக நேர்ந்திருக்கிறீர்கள். குரல் வந்துவிட்டது. நீங்கள் நினைத்த குரல் வரவில்லை என்றால் அது அவுலியாவின் குற்றமும் இல்லை, உங்கள் தம்பியின் குற்றமும் இல்லை. நேர்ந்தது நேர்ந்ததுதான். எப்போது வருகிறீர்கள் என்று எழுதுங்கள், பஸ் நிலையத்துக்கு வந்து காத்திருக்கிறோம். உங்கள் முழங்காலுக்கு ஏற்ற மாதிரி கீழ் அறையைக் காலி செய்து வைக்கிறேன்.

உங்கள் மேல் குறையாத அன்புடன், குறையாத பிடிவாதத்துடன்,

உங்கள் தம்பி மனைவி


திங்கட்கிழமை

அக்கா,

அவள் உனக்கு எழுதிய இரண்டு கடிதத்தையும் அனுப்புவதற்கு முன்னால் எனக்குப் படிக்கக் கொடுத்தாள். கொஞ்சம் காரம் தூக்கல். பொய் ஒன்றும் இல்லை. இரண்டாவது கடிதத்தோடு சேர்த்து இதையும் உறைக்குள் வைக்கிறேன். இதை அவளுக்குப் படிக்கக் கொடுக்கவில்லை.

உன் கேள்விக்கு முதலில் என் பதில். மாடி அறைக்கு வரமாட்டேன். உன் வீட்டுக்கு வருவேன், விருந்தாளியாக. வாசல் அறையில் உட்காருவேன். வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் பேசுவேன். சிரிக்கிறவர்கள் சிரித்து முடிக்கட்டும், எனக்கு அவசரம் இல்லை. அதற்குச் சம்மதம் என்றால் கூப்பிடு.

இனி அவளுக்குத் தெரியாத ஒன்று. நான் உனக்கு இரண்டு முறை போன் செய்தேன். மெஷினில் முதலில் பழகிய சொல் அக்கா. நடுவில் வருகிற அந்த அழுத்தம் அதில் லேசில் விழாது, பதினோரு நாள் ஆனது. விழுந்த அன்றே உன் எண்ணை அழுத்தினேன். நீ எடுத்தாய். அக்கா என்றேன். யாரு, யாரு இது என்றாய். மறுபடி அக்கா என்றேன். வைத்துவிட்டாய்.

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்திருப்பாய் என்று மறுநாள் மறுபடி போட்டேன். அன்று நீ யார் என்று கேட்கவில்லை. நான் சொன்னேன். அந்தப் பக்கம் உன் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அழுகிற சத்தம். பிறகு வைத்துவிட்டாய். நான்தான் என்று உனக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. கேட்கச் சகிக்கவில்லை என்று உன்னிடம் வேறு யாரும் வந்து சொல்லவில்லை. அவளிடம் நான் சொல்லவில்லை, நீயும் சொல்ல வேண்டாம்.

எனக்குக் கோபம் இல்லை. அம்மா போனபோது எனக்கு மூன்று வயது. ஒரு வருஷம் நான் வாயே திறக்கவில்லை, திறந்தபோது திக்கியது என்று நீதான் சொல்லியிருக்கிறாய். எல்லோரும் என் சொல்லைப் பாதியில் பிடுங்கி அவர்களே முடித்துவைப்பார்கள். நீ மட்டும் அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, எதிரில் உட்கார்ந்து அது வரும்வரை காத்திருப்பாய். நான் அறிவிப்பாளன் ஆனது அதனால்தான். அறுத்து எடுத்தது உன்னிடம் கற்றுக்கொண்ட குரலை. அதனால் உனக்கு என்னைவிட அதிகமாக வலிக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆனால் அக்கா, அந்தக் குரலுக்காக அழுதது போதும். இருக்கிற குரலில் உன்னிடம் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் செய்வேன். நீ ஒன்றும் பேச வேண்டாம். அழ வேண்டும் என்றால் அழு. வைக்காமல் மட்டும் இரு.

உன் தம்பி